சீன வெடியும் சீனாவின் வெடியும்

தம்பி கேட்டிருப்பது இதுதான். சின்ன வயதில் புதுக்குடியிருப்பில் தைப்பொங்கல் காலையில் கொளுத்திய ஊர் வெடி இப்போது கடைகளில் இல்லை. எங்கே பார்த்தாலும் சீனாவில் இருந்து வரும் பெட்டிதான். சனத்தின் விருப்பம் மாறியதா, இல்லை செய்கிற ஆக்கள் இல்லாமல் போனார்களா? கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது. கனடாவில் இருந்து கொஞ்சம் காசு போட்டு, ஊரில் நாலு பேருக்கு வேலை கிடைக்கிற மாதிரி ஒரு சிறிய வெடித் தொழில் தொடங்கினால் ஓடுமா என்று கேட்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். முன்னதெல்லாம் அதற்குப் போட்ட பந்தல்.

நான் கிளிநொச்சி மாவட்டத்தில் 26 வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன். மீளக்குடியேறிய பிறகு, பரந்தனில் என் மைத்துனர் வைத்திருக்கும் பலசரக்குக் கடையில் மார்கழி, தை, சித்திரை மாதங்களில் வெடி மேசைக்குப் பின்னால் உட்காருபவனும் நான்தான். கணக்குத் தெரிந்த ஆள், வெடிக்குப் பக்கத்தில் பீடி பற்ற வைக்காத ஆள் என்ற இரண்டு தகுதிக்காக என்னை அங்கே இருத்தினார்கள். ஆகவே நான் சொல்லப் போவதில் பாதி பாடப் புத்தகம், பாதி கடை மேசை. என் மேசைக்கு வந்த சனம் கிளிநொச்சி, பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கத்துச் சனம். மன்னார்ப் பக்கத்தில் நத்தாரும் மடு மாதா திருவிழாவும் பெரிது, அங்கே கதை வேறாக இருக்கலாம்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நீங்கள் ஊர் வெடி என்று நினைத்துக்கொண்டிருப்பது ஊரில் செய்த வெடி இல்லை. 1996 இல் பிறந்தவர் என்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு நினைவிருக்கிற பொங்கல்கள் 2003 தொடக்கம் 2006 வரையானவை, சமாதான காலத்துப் பொங்கல்கள். சிவப்புத் தாள் சுற்றி, நடுவே திரி ஓடி, பெண் பிள்ளையின் சடை மாதிரிப் பின்னி வந்ததே, அதைத்தான் நாங்கள் சீன வெடி என்போம். பெயர் சீனாவுடையது. சரக்கு பெரும்பாலும் நீர்கொழும்புக்குப் பக்கத்தில் கிம்புலாபிட்டிய என்ற ஊரில் வீட்டுக்கு வீடு கையால் சுருட்டியது. இலங்கையில் வெடி என்றால் அந்த ஊர்தான், இன்றைக்கும். இப்போது நிஜமாகவே சீனாவில் இருந்து வருகிற, வானத்தில் போய் விரிகிற வாணப் பெட்டியைச் சீன வெடி என்று ஒருவரும் சொல்வதில்லை, அதற்கு ‘ஸ்கை ஷொட்’ என்று பெயர். உள்ளூர்ச் சரக்குக்குச் சீனப் பெயர், சீனச் சரக்குக்கு இங்கிலீசுப் பெயர்.

அந்தச் சடைகூடச் சும்மா வந்துவிடவில்லை. 1990 இல் அரசாங்கம் வடக்குக்குப் போடத் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பற்றரியும் சீமெந்தும் உரமும் ஒன்றில் தடுக்கப்பட்டன, இல்லாவிட்டால் எண்ணிக் கொடுக்கப்பட்டன. அந்தக் காலத்தில் ‘வெடி’ என்று எழுதி யாராவது அனுமதி கேட்டிருந்தால் அவரைத்தான் உள்ளே வைத்திருப்பார்கள். 2002 பெப்ரவரி போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு வன்னி வழியாக யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்தது. ஆனால் அந்த உடன்படிக்கையின் பின்னிணைப்பிலேயே வெடிபொருள், தொலைநோக்கி, திசையறிகருவி, முட்கம்பி, பென்ரோர்ச் பற்றரி எல்லாம் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தன. அப்படியிருந்தும் பொங்கலுக்கு முதல் கிழமை புதுக்குடியிருப்புச் சந்தையில் சீன வெடி இருந்தது. எப்படி வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். பிஸ்கற் பெட்டிகளைக் கேட்க வேண்டும்.

ஊரிலேயே செய்தது ஒன்றும் இருக்கவில்லையா என்றால், இருந்தது, வாணம். நான் சின்னப் பையனாக இருந்தபோது கோயில் திருவிழாவுக்கு யாழ்ப்பாணப் பக்கத்தில் இருந்து வாணக்காரர் ஒருவர் வருவார். தென்னை ஈர்க்கில் கட்டிய ஈர்க்கு வாணம், கமுகஞ் சிலாகையில் அறைந்த சக்கர வாணம், மண் சாடியில் அடைத்த பூவாணம். சாமி வெளிவீதி வந்து நிற்கும் நேரத்துக்குச் சரியாகக் கொளுத்த வேண்டும், பிந்தினால் ஐயர் முறைப்பார். என் அப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பில் இருந்து எரிசோடாவும் குளோரினும் எடுத்த இடம் அது, எண்பதுகளில் போரோடு நின்றுபோனது. வாணக்காரர் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் படுப்பார். அப்பா அவரைப் பற்றிச் சொல்லும் ஒரு கதை: ‘அவனுக்குச் சமன்பாடு தெரியாது, ஆனால் ஈரம் தெரியும். மருந்தை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தே இன்றைக்கு அடைக்கலாமா கூடாதா என்று சொல்லுவான்.’ போர் தொடங்கியதும் அந்த மனிதருக்கு வெடியுப்பும் கந்தகமும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வைத்திருக்க முடியாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இல் இருந்து இருக்கிறது. ஒரு தமிழன் வீட்டில் கந்தகமும் கரித்தூளும் வெடியுப்பும் ஒன்றாக இருந்தால் அதைத் திருவிழாவுக்கு என்று யார் நம்புவார்கள்? அவருடைய பிள்ளைகள் ஒருவரும் அந்த வேலைக்குப் போகவில்லை. கைப்பழக்கமாக வந்த தொழில் ஒரு தலைமுறை விட்டுப்போனால் திரும்பி வராது. எழுதி வைத்த குறிப்பு என்று ஒன்றும் அதில் இல்லையே.

அப்பா சொன்ன அந்த ஈரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், உங்கள் தொழில் யோசனைக்கு அதுதான் முதல் இடி. வெடிமருந்து என்பது எரிகிற பொருளோடு ஒட்சிசன் கொடுக்கிற உப்பைக் கலந்து வைத்திருப்பது. அந்த உப்புக் காற்றில் உள்ள ஈரத்துக்குப் பயப்படும். ஈரம் பிடித்தால் சுருண்டு சுருண்டு எரியும், இல்லாவிட்டால் ‘புஸ்’ என்று போகும், அதைவிட மோசமாக, கொஞ்சம் பொறுத்து வெடிக்கும். தமிழ்நாட்டில் சிவகாசி வெடிக்கும் தீப்பெட்டிக்கும் ஊராக ஆனதற்கு ஒரு முக்கிய காரணம் அங்கே மழை குறைவு என்பதுதான். கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் பழகி வந்த இரண்டு பேர் 1920களில் தொடங்கியதை, வருடத்தில் பெரும்பகுதி காய்கிற வெயில் காப்பாற்றியது. வன்னியில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று பருவ மழை. பொங்கல் தையில். அதாவது, விற்பனைக்கு முந்திய மூன்று மாதமும் எங்கள் ஊரில் உடுப்பே காயாது, வெடி எங்கே காய்வது? ஆவணிக்குள் செய்து முடித்து, மழை முழுக்க ஈரம் படாமல் களஞ்சியத்தில் வைத்து, தையில் எடுக்க வேண்டும். வெடிக் களஞ்சியம் என்பது நெல்லு மூடை அடுக்குகிற கொட்டில் இல்லை.

சரி, விருப்பம் மாறியதா என்ற கேள்விக்கு வருகிறேன். மாறியது. எனக்கு ஐயமே இல்லாத விடயம் இது. முன்பு வெடி காதுக்கு, இப்போது கண்ணுக்கு. கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் மேலே போய் விரிகிறது எது, எத்தனை ஷொட், என்ன கலர் என்றுதான் கேட்கிறார்கள். நேரமும் மாறிவிட்டது. பானை பொங்கி வழிகிற விடியற்காலையில் கொளுத்திய சனம் இப்போது டிசம்பர் 31 இரவு 12 மணிக்குக் கொளுத்துகிறது. கவனித்திருக்கிறீர்களா, எங்கள் பக்கத்தில் தீபாவளிக்கு வெடி எப்போதுமே இரண்டாம் பட்சம்தான். தீபாவளி என்றால் புது உடுப்பும் ஆட்டிறைச்சியும். வெடி பொங்கலுக்கும் வருசப்பிறப்புக்கும் உரியது. தீபாவளிக்கு வெடி என்ற எண்ணமே தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி கொண்டு வந்து தந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஏன் மாறியது என்பதில்தான் நான் கவனமாகப் பேச வேண்டும். வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் உடனே சொல்கிற காரணம் ஒன்று உண்டு: போரைப் பார்த்த சனம், சத்தத்துக்குப் பயம். அதில் உண்மை இருக்கிறது, என் வீட்டிலேயே பார்த்தேன். 2011 தைப்பொங்கல்தான் திரும்பி வந்த பிறகு சொந்தக் காணியில் எங்களுக்கு முதல் பொங்கல். தகரக் கொட்டில், பக்கச் சுவருக்குத் தறப்பாள். பக்கத்துக் காணிப் பையன் எங்கேயோ ஒரு சடை சீன வெடி வாங்கி வந்து, எங்கள் பானை பொங்கி வருகிற நேரம் பார்த்து மாமரக் கிளையில் தொங்கவிட்டுக் கொளுத்தினான். பானைக்குப் பக்கத்தில் நின்ற என் மாமியார் அகப்பையோடு நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார். தடுக்கி விழவில்லை. படுத்தார், இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, பழகிய ஆள் படுக்கிற மாதிரி. பிறகு எழும்பிச் சேலையைத் தட்டிக்கொண்டு ‘பழக்கதோசம்’ என்று சிரித்தார். வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பையனின் தாய் ஓடி வந்து மிச்சச் சடையைப் பிடுங்கித் தண்ணீர் வாளிக்குள் போட்டாள்.

அந்த வருடமும் அடுத்த வருடமும் கடையில் சனம் கேட்ட கேள்வி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: ‘சத்தம் இல்லாதது ஏதும் இருக்கா?’ பரந்தனில் இருந்து ஏ35 வீதி வழியாகப் புதுக்குடியிருப்புப் பக்கம் போகிறவர்கள்தான் அதைக் கூடக் கேட்டார்கள். கம்பி மத்தாப்பும் பூவாணமும் முடிந்து போகும், சீன வெடி மேசையில் கிடக்கும். இன்னொன்றும் உண்டு, அதைச் சனம் கடையில் நின்று சொல்லாது. 2009 மே மாதத்தில் தெற்கில் வீதி வீதியாக வெடி கொளுத்திக் கொண்டாடினார்கள், அப்போது எங்கள் சனம் முகாமில், முட்கம்பிக்குள். அந்த ஞாபகம் உள்ள ஒரு வீட்டில் வெடி வெறும் வெடி இல்லை. போதாததற்கு, கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் எடுத்த குண்டுகளைச் சேர்த்து வைத்து வெடிக்க வைக்கிற சத்தமும் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தச் சத்தம் வந்தால் பிள்ளைகள் என்னைப் பார்ப்பார்கள், நான் கரும்பலகையைப் பார்ப்பேன்.

ஆனால் இதை மட்டும் வைத்து முழு மாற்றத்தையும் விளக்கினால் நான் பிழையான வாத்தியார். வவுனியா நகரத்தில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அவருடைய வாடிக்கையாளரில் அநேகர் கடைசிப் போருக்குள் அகப்படாதவர்கள். அங்கேயும் இதே மாற்றம்தான், சில வருடம் பிந்தி வந்தது. 2014, 2015 அளவில் எல்லார் கையிலும் கமரா உள்ள போன் வந்த பிறகு. சத்தத்தை வீடியோ எடுத்தால் ‘டப்’ என்று ஒரு ஒலி, அவ்வளவுதான். வானத்தில் விரிகிற பூவை எடுத்து ரொறன்ரோவில் உள்ள அண்ணனுக்கு அனுப்பலாம், அண்ணன் அடுத்த முறைக்குக் காசு அனுப்புவார். சாமத்திய வீட்டுக்கும் கலியாணத்துக்கும் வெள்ளிப் பொறி பறக்கிற மின்சார மெசின் வாடகைக்கு வருகிறதே, அதுவும் வீடியோவுக்காக வந்ததுதான். ஆகவே என் கணிப்பு: எங்கள் பக்கத்தில் சத்தத்தை விட்டது போரால், வெளிச்சத்தைப் பிடித்தது போனால். முதல் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் பாதி ஊகம்.

இப்போது செய்கிறவர்களின் பக்கம். காதில் இருந்து கண்ணுக்கு மாறியது சின்ன மாற்றம் மாதிரித் தெரியும். ஆனால் கையால் செய்கிற ஆளை விழுத்தியது அதுதான் என்பது என் முடிவு. சத்தம் எழுப்புவது எளிது. மருந்து சிறிதளவு, அதைச் சுற்றி இறுக்கமாகத் தாள். உள்ளே வாயு உண்டாகித் தாளைக் கிழிக்கிற வேகம்தான் சத்தம். ஆகவே திறமை மருந்தில் பாதி, சுருட்டுகிற விரலில் பாதி. பழைய கொப்பித் தாளும் பேப்பரும் பசையும் இருந்தால் ஒரு வீட்டுப் பெண்கள் பின்னேர நேரத்தில் வெறுங் குழாய்களைச் சுருட்டிக் கொடுப்பார்கள். கிம்புலாபிட்டிய அப்படி வளர்ந்த ஊர். ஊருக்குள் நடந்தால் முற்றத்தில் பாய் விரித்துச் சுருள்கள் காய்வதைப் பார்க்கலாம். அங்கே வெடித்து ஆட்கள் இறந்த செய்தியும் அடிக்கடி பேப்பரில் வரும், அதையும் சொல்ல வேண்டும்.

நிறம் அப்படி இல்லை. சிவப்புக்கு ஸ்ட்ரொன்சியம், பச்சைக்குப் பேரியம், மஞ்சளுக்குச் சோடியம், நீலத்துக்குச் செம்பு. நீலம்தான் கள்ளன். சூடு கொஞ்சம் கூடினாலும் நிறம் வெளுத்துவிடும். நல்ல நீலம் காட்டுகிற வாணத்தைப் பார்த்தால் செய்தவனுக்குக் கைகொடுக்கலாம். இந்த உப்புகளை ஒரே அளவான சின்ன உருண்டைகளாக்கிக் காய வைத்து, 25 அல்லது 30 அட்டைக் குழாய்களில் தனித்தனியாக அடைத்து, ஒன்றுக்கு அடுத்தது இத்தனை நொடியில் பற்ற வேண்டும் என்று திரி ஓட்ட வேண்டும். ஒரு குழாய் பிந்தினால், சரிந்தால், பக்கத்தில் நிற்கிற பிள்ளையின் முகத்துக்கு வரும். இதைக் கையால் செய்ய ஏலாது என்று சொல்லவில்லை. 30 குழாயும் ஒரே மாதிரி வருகிறதை, சனம் கொடுக்கத் தயாரான விலையில், கையால் செய்ய ஏலாது. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் லியூயாங் என்ற இடம் முழுக்க முழுக்க இதையே செய்கிறது. கிம்புலாபிட்டியவில் பூவாணமும் சக்கரமும் ராக்கெட்டும் செய்கிறார்கள்தான், ஆனால் அவர்களுடைய பலம் சத்தம். சனம் சத்தத்தை விட்டுவிட்டு மேலே பார்க்கத் தொடங்கியபோது, அவர்களுடைய கையில் இருந்தது பெரும்பாலும் சத்தம்தான்.

இறக்குமதியால்தான் உள்ளூர் வெடி அழிந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். 2022 இல் டொலர் சில கிழமைக்குள் 200 ரூபாயில் இருந்து 360க்கு மேலே போனபோது, ‘இனி உள்ளூர்ச் சரக்குக்கு நல்ல காலம்’ என்று மைத்துனர் சொன்னார். அந்தச் சித்திரையில் உள்ளூர்ச் சீன வெடியின் விலையும் ஏறியது. ஏனென்றால் அதற்குள் இருக்கிற உப்பும் அலுமினியத் தூளும் கப்பலில்தான் வருகின்றன. தாள்கூட அந்த வருடம் இல்லை, பரீட்சைத் தாள் அச்சடிக்கக் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. உள்ளூர் வெடியில் உள்ளூர் என்பது பசையும் விரலும்.

வெடியின் தலைநகரமான சிவகாசிக்கே இப்போது சத்தத்தில் சிக்கல்தான். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 ஒக்டோபரில் கொடுத்த தீர்ப்பில் சரவெடிக்குத் தடை, பேரியம் உப்புக்குத் தடை, மாசு குறைந்த ‘பசுமைப் பட்டாசு’ மட்டும், அதுவும் குறித்த நேரத்தில் மட்டும். எங்கள் சீன வெடிச் சடைதான் அங்கே சரவெடி. ஆகவே சிவகாசிக்காரரைக் கூட்டி வந்து பழக்கலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அந்த ஆள் இந்தக் காலத்துப் பேப்பர் படிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வன்னியில் உள்ளூர் வெடிக் கைத்தொழில் அடியோடு இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒன்று இருக்கிறது, சொல்லவே கூசுகிறது. பன்றி வெடி. சிங்களத்தில் ஹக்க பட்டாஸ் என்பார்கள். பூசணித் துண்டுக்குள்ளோ வேறு தீனிக்குள்ளோ மறைத்து வைப்பது. பன்றி கடித்தால் தாடை சிதறும். அது சட்டவிரோதம். பன்றிக்கு வைத்ததை யானைக் கன்று எடுத்துக் கடித்துவிட்டு, வாய் சிதைந்து, தின்ன முடியாமல் கிழமைக்கணக்கில் நின்று சாகும். நாட்டில் காட்டு யானைகள் சாகிற முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. கோயிலுக்கு வாணம் செய்கிற கை போய்விட்டது, இதைச் செய்கிற கை மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. இதற்கு யாரும் அனுமதிப் பத்திரம் கேட்பதில்லை, காய வைக்கவும் களஞ்சியம் தேவையில்லை.

பெரிய சத்தத்துக்கு எங்கள் பக்கத்தில் மிச்சமிருக்கிற நேர்மையான தேவை யானை வெடி. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்து வயல்காரர் வனசீவராசிகள் திணைக்களத்திடம் வாங்கி வைத்திருப்பார்கள். கொடுப்பது எப்போதும் போதாது என்று புறுபுறுப்பார்கள். அந்த ஊர்களில் இரவு வெடிச் சத்தம் கேட்டால் யாரும் பெருநாள் என்று நினைப்பதில்லை. ‘யானை எந்தப் பக்கம்?’ என்றுதான் கேட்பார்கள். யானைக்கும் அது பழகிப்போய்விட்டது. முதலில் ஓடினது, பிறகு நின்று பார்த்தது, இப்போது சில யானைகள் வெடி போட்ட திசைக்கே வருகின்றன என்று அங்கே வயல் செய்கிற என் பழைய மாணவன் சொல்கிறான்.

சரி, கடைசி வரிக்கு வருவோம். தொழில் ஓடுமா? ஓடாது, தம்பி. இதைத் தயங்காமல் சொல்கிறேன். வெடி செய்வது 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, அனுமதி பாதுகாப்பு அமைச்சின் பக்கத்தில் இருந்து வர வேண்டும். செய்கிற இடம், கலக்கிற இடம், வைக்கிற இடம் எல்லாம் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். அது எல்லாருக்கும் பொதுவான சட்டம். ஆனால் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு தமிழ்ப் பையன் வெடியுப்பு மூடையோடு நிற்பது நீர்கொழும்பில் ஒருவர் நிற்பதைப் போல் பார்க்கப்படாது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு எல்லாருக்குமே கெடுபிடி கூடியது. நான் படிப்பித்த ஒரு பாடசாலையில், உயர்தரப் பிள்ளைகளின் செய்முறைக்கு ஒரு சின்னப் போத்தல் பொற்றாசியம் நைத்திரேற்று, அதாவது அதே வெடியுப்பு, எடுக்க நான் எழுதிய கடிதங்களை அடுக்கினால் அந்தப் போத்தலைவிட உயரமாக இருக்கும். போத்தல் வரும்போது அந்தப் பிள்ளைகள் பரீட்சையே எழுதி முடித்துவிட்டார்கள்.

அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைப்போம். மழைக்கு முன் செய்து முடிக்க வேண்டும். செய்தாலும், சனம் கேட்கிற பெட்டியை உங்களால் செய்ய முடியாது. உங்களால் செய்ய முடிகிறதைச் சனம் வருடத்தில் மூன்று நாள்தான் கேட்கும், அதையும் கிம்புலாபிட்டிய உங்களைவிட மலிவாகக் கொடுக்கும். நாலு பேருக்கு வேலை என்கிறீர்களே, அந்த நாலு பேரில் ஒருவருக்கு விரல் போனால் என்ன செய்வீர்கள்? போரில் விரலும் கையும் போன பிள்ளைகளை வகுப்பில் வைத்துப் படிப்பித்தவன் நான். பேனையைப் பிடிக்க அவர்கள் புதிதாக ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். அதை இன்னொரு முறை பார்க்க எனக்கு விருப்பம் இல்லை. மருந்து அடைக்கிற வேலையில் அனுபவம் உள்ள ஊர்களிலேயே விபத்து நிற்கவில்லை. அனுபவமே இல்லாத ஊரில் தொடங்குவது பற்றி வேறு சொல்லத் தேவையில்லை.

கை வேலையும் பெருநாளும் சேர்ந்த ஒன்றில்தான் காசு போட ஆசை என்றால், வல்வெட்டித்துறைப் பக்கம் ஒரு முறை போய்ப் பாருங்கள். பொங்கலன்று அங்கே நடக்கிற பட்டப் போட்டியையும், சித்திரைப் பௌர்ணமிக்கு இந்திர விழாவில் தாளால் செய்து சூடான புகையை நிரப்பி மேலே விடுகிற புகைக்குண்டையும் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். தாள், பசை, மூங்கில், விரல். கந்தகம் தேவையில்லை, கடிதம் எழுதத் தேவையில்லை. அது வியாபாரமாகுமா என்பதில் நான் தேர்ச்சி பெற்றவன் அல்ல, அந்த ஊர்ப் பெடியளைக் கேளுங்கள்.

பழைய சடை ஒன்றைக் கொளுத்த வேண்டும் என்ற ஆசைக்கு மட்டும் என்னால் வழி செய்ய முடியும். சீன வெடி கடையில் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இருக்கிறது, மேசைக்கு மேலே இல்லை. மேலே வைத்தால் இடம் பிடிக்கும், போகாது, அதனால் கீழே ஒரு பெட்டிக்குள் கொஞ்சம் போட்டு வைப்போம். பானை பொங்குகிற நேரம் ஒரு சத்தம் இருந்தால்தான் பொங்கல் என்று நினைக்கிற கிழவர்கள் இரண்டு மூன்று பேர் இன்னும் வந்து கேட்பார்கள். அடுத்த தைக்கு வருவதாக இருந்தால் மார்கழி 15க்கு முன் சொல்லி வையுங்கள், ஒரு சடை எடுத்து வைக்கிறேன். அங்கேயிருந்து கொண்டு வரலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், விமானத்தில் கைப்பையிலும் சரி, ஏற்றுகிற பெட்டியிலும் சரி, வாணம் வெடி எதுவும் கொண்டுவர முடியாது. கொளுத்துவதை உங்கள் வளவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பரந்தனில் எங்கள் வீட்டுப் பக்கம் வேண்டாம், மாமியாருக்கு இப்போது 84 வயது, நிலத்தில் படுத்தால் எழும்பக் கஷ்டம்.